கசிப்புப் பரலில் புகைத்த சீஸ்

சீஸ் புகைப்பதற்கு நெருப்பு வேண்டாம். புகை மட்டும் போதும், அதுவும் ஆறின புகை. இதை இரண்டு பொலிஸ்காரருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. கடைசிவரை அவர்களுக்கு விளங்கியதோ தெரியாது, ஆனால் போய்விட்டார்கள். பொலிஸ் வந்ததைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. அவர்கள் போன பிறகு நான் செய்த வேலைதான் இன்னும் கிடந்து அரிக்கிறது. பக்கத்து வளவு அக்காவைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லின் பாரம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில் கடைசி வளவு என்னுடையது. பின்னால் காடு. என் வீட்டில் நானும் மூன்று பசுக்களும். எனக்கு முந்தின வளவில் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. யுத்தம் முடிந்து முகாமில் ஒரே படங்குக்குக் கீழே ஏழு மாதம் கிடந்தோம், அதிலிருந்து அக்கா. அவரும் தனி. மகள் கனடாவில். இந்த ஒழுங்கையில் எனக்கு ஒரு காய்ச்சல் என்றால் மாட்டில் பால் கறந்துவிட்டு எனக்குக் கஞ்சி வைத்துத் தருகிறவர் அவர் ஒருத்திதான். அவருக்கு ஒன்று என்றால் நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தொலைக்கப் பார்த்தது இதைத்தான்.

எல்லாம் பின்னேரப் பாலால் வந்தது. பால் எடுக்கிற வாகனம் காலையில் மட்டும்தான் வரும். பின்னேரம் கறக்கிற பால் எங்கள் தலையில். தயிர் போட்டால் வாங்க ஆள் இல்லை, எல்லா வீட்டிலும் தயிர். போன வருடம் சுவிசிலிருந்து என் தங்கச்சி வந்தாள். பால் கட்டியாக்குகிற குளிசைகள் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்தாள். சீஸ் போடு, அது தயிரைப் போல நாறாது என்றாள். போட்டேன். நாறியது. இரண்டாம் நாளே மேலே ஒரு வழுவழுப்பு. எங்கள் சூட்டில் எது தாங்கும்? தங்கச்சி போனில் சொன்னாள், அங்கே பழைய ஆட்கள் சீஸைப் புகையில் வைப்பார்களாம், புகை ஏறினால் பழுதாகாதாம், விலையும் கூடவாம். அவளுக்கு அங்கே பனி கொட்டுகிறது, அவள் சொல்லுவாள்.

முதல் தடவை குசினி அடுப்புக்கு மேலே, மீன் கருவாடு கட்டுகிற மாதிரி, சீஸ் கட்டிகளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் துணியிலிருந்து எண்ணெய் சொட்டியது. பிறகு சீஸே சொட்டியது. அடுப்புக்குள் விழுந்து எரிந்த நாற்றம் மூன்று நாள் போகவில்லை. நாய்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

அப்போதுதான் விளங்கியது. புகை சீஸுக்கு வர முதல் ஆற வேண்டும். சீஸ் இருக்கிற இடமும் குளிராக இருக்க வேண்டும். வெயில் ஏறினால் வேலை கெட்டது. விடிய முதல் தொடங்கி ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும்.

மின்சாரம் ஏறி இறங்கி எரிந்துபோன என் பிரிட்ஜ் இரண்டு வருடமாக மாட்டுக் கொட்டிலில் தவிட்டு மூட்டைக்கு மேசையாக நின்றது. அதைக் கழுவிப் பின்வளவில் ஒரு மேட்டில் நிறுத்தினேன். கதவு மூடும், தட்டுகள் இருக்கின்றன, சூடு உள்ளே போகாது. உள்ளே குளிர் வேண்டும் என்றால் ஐஸ் போத்தல் வைக்க வேண்டும். ஐஸுக்கு அக்காவின் பிரிட்ஜ். அவருடைய பிரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தது. அரைவாசி வெறுமை.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கதியால் வேலி. அதில் ஒரு பொட்டு விட்டிருந்தோம், ஆள் குனிந்து போகிற அளவு. ஒழுங்கைக்குப் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை. ஒவ்வொரு விடியலும் அந்தப் பொட்டடியில் நாலு சோடாப் போத்தல், உறைந்த தண்ணீரோடு, சாக்கில் சுற்றி வைத்திருப்பார்.

"உமக்கு என்ன விசர் பிடிச்சிருக்கோ," என்பார். "சவத்துக்கு ஐஸ் வைக்கிற மாதிரி பால்கட்டிக்கு ஐஸ் வைக்கிறீர்."

"நீங்கள் ஒரு துண்டு திண்டு பாத்திட்டுக் கதையுங்கோ அக்கா."

"வேண்டாம். போனமுறை தந்தது சவுக்காரம் மாதிரி இருந்தது. ஒரு கிழமையா வாய் நுரைக்குது."

இனிப் புகையை ஆற்றுகிற வேலை. எத்தனையோ குழாய் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய் உருகி நாறியது. தகரக் குழாய் கொதித்தது. அப்போது சந்தி வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் அவருடைய வீடு. ஒரு காலத்தில் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சினவர், இப்போது நெல் மில்லில் வேலை. எனக்கு உமி கொண்டுவந்து தருகிறவர் அவர்தான். கசிப்புக் காய்ச்சுகிறவர்கள் ஆவியை எப்படி ஆற வைக்கிறார்கள்? ஒரு இரும்புப் பரல், அதை ஊடுருவிச் சரிவாக இரண்டு விரல் மொத்தத்தில் ஒரு குழாய், பரல் நிறையத் தண்ணீர். ஆவியை ஆற்றுகிற சாமான் புகையை ஆற்றாதா? அவரிடம் போய்க் கேட்டேன்.

"அந்தச் சனியன் வீட்டுக்குப் பின்னால கிடக்கு அக்கா," என்றார். "நாளைக்குப் பொழுதுபடக் கொண்டாறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, படங்கு போட்டு மூடி, மம்மல் பொழுதில் கொண்டுவந்து இறக்கினார். பழைய பரல்தானே, ஏன் இப்படிச் சவத்தைக் கொண்டுவாற மாதிரி மூடிக் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் படவில்லை. அதுதான் என் பிழை.

உள்ளே பழைய கோடா நாற்றம், கசிப்புக்குப் புளிக்க வைக்கிற ஊறல். சாம்பல் போட்டு நாலு தரம் தேய்த்துக் கழுவி, வெயிலில் வைத்தேன். கீழே ஒரு பிஸ்கற் தகரத்தில் உமி. அதோடு மர ஆலையில் கேட்டு வாங்கின பாலைமரத் தூள். உமியைக் கொளுத்தினால் சுவாலை வராது, கனன்று கனன்று மணிக்கணக்கில் புகையும். தகரத்திலிருந்து குழாய், தண்ணீர்ப் பரலுக்குள்ளால் போய், மேட்டில் நிற்கிற பிரிட்ஜுக்குள் ஏறும். சூடு பார்க்க என்னிடம் காய்ச்சல் பார்க்கிற கோல்தான் இருந்தது. அது குறைந்த சூட்டுக்கு இலக்கம் காட்டாது, ‘லோ’ என்று மட்டும் விழும். அதுதான் எனக்கு வேண்டியது. பிரிட்ஜுக்குள் அதை வைத்து எடுப்பேன். லோ என்றால் சீஸ் தப்பியது. இலக்கம் விழுந்தால் ஓடிப்போய் உமியில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன்.

விடியலில் எனக்கு வேறு நினைப்பே இருக்காது. அந்தக் கோலும் நானும்.

முதற் கட்டிகள் வந்தபோது பொன் நிறம். கடித்துப் பார்த்தேன். துப்பினேன். பொட்டுக்குள்ளால் குனிந்து வந்த அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

"அடுப்பை நக்கின மாதிரிக் கிடக்கு," என்றார். "இதுக்கே எனக்கு இவ்வளவு ஐஸ் செலவு?"

தங்கச்சியிடம் கேட்டேன். விசரி, உடனே தின்னக்கூடாது, சுற்றி ஒரு கிழமை குளிரில் வை, கசப்பு உள்ளே இறங்கி அடங்கும் என்றாள். அக்காவின் பிரிட்ஜில் வைத்தேன். எட்டாம் நாள் வெட்டினோம். அக்கா ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டை எடுத்தார். புளியங்குளத்தில் ஏ-நைன் வீதிக் கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன், வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கட சனம் வாங்கிப் போனது. கடைக்காரர் இன்னும் கொண்டுவரச் சொன்னார்.

மூன்றாம் முறை புகை போட்ட அன்று, ஆறரை இருக்கும், படலையைத் தட்டாமலே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒரு சார்ஜன், ஒரு தமிழ்க் கொன்ஸ்தாபிள்.

"அம்மா, பின்னுக்கு என்ன புகை?" கொன்ஸ்தாபிள் கேட்டார்.

"சீஸ்."

"என்னது?"

"பால் சீஸ். புகை போடுறன்."

அவர் அதைச் சிங்களத்தில் சார்ஜனுக்குச் சொன்னார். சார்ஜன் சிரித்தார். நேரே பின்வளவுக்குப் போனார். உமித் தகரம், குழாய், தண்ணீர்ப் பரல் எல்லாவற்றையும் பார்த்தார். சிரிப்பு நின்றது. நானும் அவர் கண்ணால் ஒருதரம் பார்த்தேன். கசிப்பு அடுப்பைத் தவிர வேறு எதைப் போலவும் அது இல்லை.

"கோடா எங்க?"

"கோடா இல்லை."

கொன்ஸ்தாபிள் கொட்டிலுக்குள் போய் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீஸ் வடித்த தண்ணீர். இரண்டு நாள் புளித்து, மஞ்சளாகக் கலங்கி நின்றது. மாட்டுக்கு வைக்க வைத்திருந்தேன். சார்ஜன் ஒரு தடியால் கலக்கி மணந்தார்.

"இது?"

"பால் தண்ணி. குடிச்சுப் பாருங்கோ. வெறிச்சால் என்னைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ."

அவர் குடிக்கவில்லை. பிரிட்ஜைத் திறந்தார். புகை முகத்தில் அடித்தது, இருமினார். ஐஸ் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து மணந்தார். கடைசியில் ஒரு கட்டியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேலி ஓரம் போய்த் துப்பினார்.

"இதைக் காசு குடுத்து ஆர் வாங்குறது?" கொன்ஸ்தாபிள் கேட்டார்.

"எட்டு நாள் கழிச்சு வாங்கோ, காட்டுறன்."

"பரல் எங்கால?"

"பழைய இரும்புக் கடை."

பொய். சந்தி வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. போகும்போது நான் கொன்ஸ்தாபிளைக் கேட்டேன், ஆர் சொன்னது என்று. சொல்லக்கூடாது என்றார். படலையடியில் நின்று, "ஒரு அம்மா ஸ்டேசனுக்குக் கோல் எடுத்தவ," என்றார். அவ்வளவுதான்.

ஒரு அம்மா.

விடியலில் நான் புகை போடுவது தெரிந்த அம்மா இந்த ஒழுங்கையில் எத்தனை பேர்? ஒருத்தி. போன கிழமை, "இதுக்கு அனுமதி கினுமதி எடுக்கத் தேவையில்லையோ?" என்று கேட்டவர் யார்? அவர். பொலிஸ் வந்து இவ்வளவு சத்தம் நடக்கிறது, பக்கத்து வளவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்ததா? இல்லை. போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. சரியாக இன்றைக்குப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறார். கடை சீஸ் கேட்கத் தொடங்கினதும் பொறுக்கவில்லை. அவருடைய பிரிட்ஜில் என் சீஸ் கிடக்கிறது, அதிலும் கை வைத்திருப்பார். கட்டிகள் எட்டா ஏழா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து முட்கம்பியும் பனங் கருக்கு மட்டையும் எடுத்தேன். பொட்டை அடைத்தேன். ஒரு எலி போக இடம் விடவில்லை. கையெல்லாம் கீறி இரத்தம். நல்லது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா வந்தார். ஒழுங்கையால் நடந்து வந்தார், மெதுவாக. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்க வெட்கம், அதுதான் கண்ணாடி என்று என் மனம் சொன்னது. நான் வேலியடியில் நின்றேன். அவர் தன் பக்கத்தில் பொட்டைத் தேடி வந்து, கையால் தடவி, முட்கம்பியில் குத்துப்பட்டுக் கையை எடுத்தார்.

"ஏன் இதை அடைச்சனீர்?"

"காட்டிக்குடுக்கிற ஆக்கள் வந்துபோறதுக்கு நான் வழி விடுறேல்ல."

"என்ன விசர்க்கதை? ஆரை ஆர் காட்டிக்குடுத்தது?"

"பொலிசுக்குக் கோல் எடுத்த கைக்குத் தெரியும்."

கண்ணாடிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு, "சரி," என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சரி என்றதையும் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய பிரிட்ஜில் இருந்த என் சீஸ் கட்டிகள் ஒரு பையில் என் படலையில் தொங்கின. எண்ணினேன். எட்டு. ஒன்றும் குறையவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பயத்தில் திருப்பித் தந்திருக்கிறார்.

ஐஸ் இல்லாமல் புகை போட்டுப் பார்த்தேன். கோலில் லோ விழவில்லை. முப்பத்திமூன்று விழுந்தது, பிறகு முப்பத்தைந்து. சீஸ் வியர்த்தது. எண்ணெய் வடிந்து தட்டு வழியே ஒழுகியது. எனக்குக் காய்ச்சல் என்றால் அந்த இலக்கம் நல்ல இலக்கம். ஆறு லீற்றர் பின்னேரப் பாலை மாட்டுக் கொட்டிலில் கொட்டினேன். பக்கத்து வளவில் வாளிச் சத்தமோ, பேச்சோ, ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் விடிய அவருடைய கிணற்றடியில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் சந்தி வீட்டுக்காரரின் மனைவி வந்தா. படலைக்கு வெளியிலேயே நின்றா. கையில் ஒரு சுத்தியல்.

"அந்தப் பரல் எங்க?"

"எந்தப் பரல்?"

"விளையாடாதேங்கோ அக்கா. என்ர மனிசன்ர பரல். உங்களுக்குக் குடுத்தது எண்டு ராத்திரித்தான் உண்மையைச் சொன்னவர். வெட்டிப்போட்டன் எண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் செய்தவர். நான் காட்டுப்பக்கம் விறகுக்கு வந்து பாத்தா, உங்கட வளவில நிண்டு புகையுது."

"நீரோ கோல் எடுத்தனீர்?"

"ஓம். நான்தான். இன்னொருக்கா எண்டாலும் எடுப்பன்." கொஞ்சமும் குரல் தாழவில்லை. "அந்தப் பரலுக்குள்ளதான் என்ர தாலிக்கொடி போனது. அது திரும்பப் புகையிறதைக் கண்டால் நான் என்ன நினைக்கிறது? உங்கட வளவில வைச்சு அவர் காய்ச்சுறார், நீங்கள் கூட்டு எண்டு நினைச்சன்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீங்கள் மட்டும் பக்கத்து வளவு அக்காட்டக் கேட்டனீங்களோ?"

ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருந்தது. அவா அதோடும் விடவில்லை.

"அந்த மனிசி அண்டைக்குக் கண் ஒப்பரேசனுக்கெண்டு முதல் பஸ்ஸில வவுனியாவுக்குப் போனவ. நான்தான் சந்தியில ஏத்திவிட்டனான். பக்கத்து வளவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், வந்தாப் பிறகு மருந்துவிட அவ இருக்கிறா எண்டு சொன்னவ."

சொன்னார்தான். இப்போது ஞாபகம் வந்தது. பொலிஸ் வந்ததற்கு முதல் நாள் விடிய, நான் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று கண், வவுனியா, மருந்து என்று ஏதோ சொன்னார். நான் ஓம் ஓம் என்றேன். எனக்கு லோ விழுந்ததா இல்லையா என்பதுதான் பெரிது. பொலிஸ் வந்த அன்று சார்ஜன் மணந்து பார்த்த நாலு ஐஸ் போத்தலும் யார் வைத்தது? விடிய நாலு மணி பஸ்ஸுக்குப் போகிறவர், போக முதல் சாக்கில் சுற்றி என் பொட்டடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிடித்துக் கொடுக்கிறவள் ஐஸ் வைத்துவிட்டா போவாள்? இந்தக் கேள்வி ஒன்பது நாளாக என் தலையில் ஏறவில்லை. ஒரு சந்தேகம் வந்தால் எனக்கு மற்ற எல்லாம் அதற்குச் சாட்சி.

பரலைச் சந்தி வீட்டுக்காரியிடம் காட்டினேன். "நீரே உடையும்," என்றேன். சுத்தியலால் மூன்று அடி அடித்தா. குழாய் பெயர்ந்து வந்தது. அதை மிதித்து வளைத்தா. மிச்சத்தை நான் பிடித்துக் கொடுத்தேன். என் வேலையும் அதோடு முறிந்தது. ஆனால் அந்த அடிகளைத் தடுக்க எனக்கு நியாயம் இருக்கவில்லை.

பிறகு கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு பொட்டடிக்குப் போனேன். முட்கம்பியை வெட்டினேன். கட்டும்போது பட்ட அதே இடத்திலேயே கையில் பட்டது. வழி திறந்துவிட்டது. ஆனால் அதால் நுழைய எனக்குத் துணிவு வரவில்லை. ஒழுங்கையால் சுற்றிப் போய் அவருடைய படலையைத் தட்டினேன்.

அக்கா விறாந்தையில் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு சின்னக் கண்ணாடி. ஒரு கையில் மருந்துக் குப்பி. தலையை அண்ணாந்து கண்ணுக்குள் விடப் பார்க்கிறார், மருந்து கன்னத்தால் ஓடுகிறது. நெற்றியில் ஒரு காயம். கிணற்றடியில் விழுந்த சத்தம் என்ன என்று அப்போது தெரிந்தது.

"ஆரது?"

"நான்தான்."

"நான் எண்டா ஆர்? கசிப்புக்காரியோ?"

"ஓம்," என்றேன்.

"பொலிசுக்குக் கோல் எடுக்கட்டோ? என்ர கைக்குத்தான் பழக்கமாமே."

"எடுங்கோ. நானே நம்பர் போட்டுத் தாறன்."

அவர் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிழை என்னில்தான் அக்கா என்றேன். அவர் திரும்பவும் குப்பியைத் தூக்கினார். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது.

"ஒரு நாளைக்கு நாலு தரம் விடச் சொன்னவை," என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல். "எட்டு நாளா என்ர கன்னம்தான் நல்லாப் பாக்குது."

நான் கிட்டப் போய்க் கையை நீட்டினேன். குப்பியைத் தரவில்லை. என் கையை மணந்தார். முகத்தைச் சுளித்தார்.

"போய் முதல்ல கையைக் கழுவும். புகை மணக்குது."

கிணற்றடிக்குப் போனேன். சவுக்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்தேன். கீறின இடமெல்லாம் எரிந்தது. மணந்து பார்த்தேன். இன்னும் மணந்தது. திரும்பவும் போட்டேன்.